ஹார்ன் அடிக்காத வண்டி

அத்தியாயம் 14

செத்துப்போன புருஷனை ஒருத்தி கனவில் பார்க்கலாம். பீரோவுக்குள் கிடக்கும் கல்யாண ஆல்பத்தில் பார்க்கலாம். பிரேமா முரளியைப் பார்த்தது வினோதாவின் போனில்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது அது. காக்களூர் எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மெஷினில் நிற்கும் வினோதா டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை நீட்டினாள். லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றின் வீடியோ. நீளமான மதில் சுவர். அதில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கொஞ்சம் தள்ளி அதே போஸ்டர். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும். சுவர் போகிற வரைக்கும் அதே முகம். ஒருவன் லாரியைக் கொண்டுபோய் அந்த முகத்தின்மேல் மோதினான். பின்னால் எடுத்தான். திரும்பவும் மோதினான். யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இது உங்க ஊட்டுக்காரர் மாரியே இல்ல?" என்றாள் வினோதா.

மாதிரி இல்லை, அவனேதான். போஸ்டரின் வலது ஓரத்தில் பச்சைப் பட்டு கொஞ்சம் தெரிந்தது. அது பிரேமாவின் தோள். கல்யாணப் போட்டோவிலிருந்து முரளியை வெட்டி எடுத்தவன் அவளுடைய தோளை முழுசாக வெட்டாமல் விட்டுவிட்டான். அவளைத் தவிர அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

அன்று சாயங்காலமே கொழுந்தன் அருண்பாண்டியனுக்குப் போன் போட்டாள். அந்த விளையாட்டைச் செய்கிற சென்னைக் கம்பெனியில்தான் அவன் இருக்கிறான். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நிஜமான ரோடுகளைச் சுற்றிப் பார்த்து, படம் பிடித்து, அவற்றை விளையாட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டான். பிறகு, "அண்ணி, அந்த செவுத்த எடுத்தது நான்தான்," என்றான்.

பிரேமா போனை வைத்துவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் அருணின் கார் வந்து நின்றபோது அவள் கிளம்பித் தயாராக இருந்தாள். கையில் ஒரு பை. அதில் தண்ணீர் பாட்டில், பழைய துணி, பெயின்ட் அடிக்கிறவர்கள் சுவரைச் சுரண்டுகிற இரும்புத் தகடு.

"நீ எதுக்கு அண்ணி? புதுசா படம் எடுத்துக்கினு வந்து மாத்திடுவேன். நாளைக்கு எல்லாம் சரியாயிடும்."

"போட்டோல மாத்துவ. நிஜத்துல ஒட்டிக்கினு கீதே, அத யாரு கிழிப்பா?"

அருண் பையைப் பார்த்தான். பின்கதவைத் திறந்துவிட்டான். காரின் கூரையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கேமரா நின்றது. முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பூமிகா, கம்பெனியில் அருணுக்கு மேலே இருப்பவள். வயதில் அவனைவிடச் சின்னவள். கண்ணாடியை இறக்கி, "வணக்கம்க்கா," என்றாள். பிரேமா தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்து வீட்டு மெஹர்னிசா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். "பிரேமா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். பகல்ல உங்க ஊட்ல இன்னா ஹார்ன் சத்தம்? என் பேத்திய தூங்க வெச்சிட்டு இப்பிடி திரும்பினா பாம்பாம்னு அடிக்குது. ஒரே பேஜாரு."

"எங்க ஊட்லயா? மெயின் ரோட்ல ஒர்க் ஷாப் தொறந்துகிறான்ல, அங்க இருக்கும்க்கா."

"எனக்கு காது கேக்காதுன்றியா?"

"மாமா டிவி பாப்பாரு. கொறைச்சு வெக்க சொல்றேன்."

மாமனார் மணவாளன் உள்ளறைக் கதவருகில் நின்றிருந்தார். லாரி ஓட்டியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கண்ணில் புரை விழுந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. மூத்தவன் முரளி ஸ்டியரிங்கைப் பிடித்தான். மூத்தவன் போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. கும்மிடிப்பூண்டி ரோட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போஸ்டர் ஒட்டக் கிளம்பியபோதும் போகவில்லை.

உள்ளறையில் அருணின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதோடு சேர்ந்த ஸ்டியரிங்கை மேஜையில் முடுக்கிவிட்டுப் போயிருந்தான். அப்பா பொழுதுபோகாமல் கிடக்கிறாரே என்று சோதனைக்கு விட்டிருந்த விளையாட்டை அதில் போட்டுக் கொடுத்திருந்தான். அதன்மேல் எப்போதும் ஒரு துண்டு மூடிக் கிடக்கும்.

"நைனா, ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா?" என்று அருண் வாசலிலிருந்தே கேட்டான்.

"பொம்ம வண்டி ஓட்ற வயசாடா எனக்கு?"

"சரி, உடு. நாங்க கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய்ட்டு வந்துடறோம்."

"எதுக்கு?"

"கேம்ல ஒரு செவுத்த மாத்தணும்."

மணவாளன் மருமகளின் கையிலிருந்த பையைப் பார்த்தார். எந்தச் சுவர் என்று கேட்கவில்லை. "இருட்றதுக்குள்ள வந்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

*

கார் தாமரைப்பாக்கத்தைத் தாண்டியது. பிறகு பூமிகா தன் வேலையை ஆரம்பித்தாள். வண்டியை நிறுத்தச் சொல்வாள். இறங்கி ஒரு வேகத்தடையைப் படம் எடுப்பாள். வெள்ளை பெயின்ட் பாதி உரிந்த வேகத்தடை. அடுத்து ஒரு மைல்கல். அடுத்து, பஞ்சர் கடை வாசலில் மரத்தில் தொங்கவிட்ட டயர். அந்த டயரைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். கடைக்காரன் வெளியே வந்து, "இன்னாமா, டயர பொண்ணு பாக்க வந்துகிறியா?" என்றான்.

"ஆமாண்ணே. புடிச்சிருக்கு."

"கூட்டிக்கினு போ. ஆறு பஞ்சர் கீது, சொல்லிட்டேன்."

பிரேமாவுக்கு அதிசயமாக இருந்தது. தினம் பார்க்கிற குப்பையை ஒருத்தி நகைக்கடையில் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

"எல்லாத்தையும் உள்ள வெச்சிடுவீங்களா?" என்று கேட்டாள். காரில் ஏறியதிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

பூமிகா சந்தோஷமாகத் திரும்பினாள். "முடியாதுக்கா. நிஜத்துல ரெண்டு மணி நேரம் ஆகிற ரோடு, கேம்ல பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். பத்து வளைவு இருந்தா ஒண்ணுதான் வெப்போம். மீதி போயிடும்."

"எது போவணும்னு யாரு சொல்றது?"

"இந்த ஏரியாவுக்கு அருண்தான்."

பிரேமா கொழுந்தனின் பின்னந்தலையைப் பார்த்தாள். "அத்தினிய தூக்கிப் போட்டவன் அந்த செவுத்த மட்டும் ஏன்டா வெச்ச?"

அருண் கியரை மாற்றினான். மாற்றவேண்டிய அவசியமில்லாத இடம் அது.

"கும்மிடிப்பூண்டினா அதான் அண்ணி. லாரி வரிசையா நிக்கும், இந்தப் பக்கம் செவுரு. அது இல்லனா அது எந்த ஊரோ."

"உங்கண்ணன் மூஞ்சி வந்துகீதுன்னு தெரியாதா?"

"தெரியாது. கேம்லகூட நான் அந்த எடத்துக்குப் போவல."

"கண்ண மூடிக்கினா போட்டோ எடுத்த?"

"நான் எங்க எடுத்தேன்? மேல கீதே, அதுவா எடுத்துக்கினே வரும். நான் ஓட்டுவேன், அவ்ளோதான். அந்த எடம் வந்ததும் நான் அந்தாண்ட திரும்பிக்கினேன்." விரலால் கூரையைக் காட்டினான். "கேமரா திரும்பல."

மீதியைப் பூமிகா சொன்னாள். அவ்வளவு நீளச் சுவரை யாரும் முழுசாகப் போட மாட்டார்கள். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு துண்டை வெட்டி, அதையே பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். எந்தத் துண்டு என்று பார்த்து எடுத்தவன் பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கண்ணீர் அஞ்சலி என்றால் என்னவென்று தெரியாது. பூவும் முகமும் மஞ்சள் எழுத்துமாக ஒரு காகிதம். அழுக்குச் சுவருக்குக் கொஞ்சம் கலர் கிடைத்தது என்று எடுத்துப் போட்டுவிட்டான்.

"தப்புதான்க்கா. நாங்க பாத்திருக்கணும்."

பிரேமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவதற்கு அவள் நிறைய எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெங்களூரில் முகம் தெரியாத ஒருவனை எப்படித் திட்டுவது?

பெரியபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேப்பிலைக் கட்டுகளோடு குடும்பம் குடும்பமாக ரோட்டைக் கடந்தார்கள். கார் ஊர்ந்தது. அதைத் தாண்டி ஆரணிப் பக்கம் போகிற ரோட்டில், புளியமரத்தடியில் கதவுகூட இல்லாத ஒரு சின்ன அம்மன் கோயில் வந்தது. எதிரே வந்த செங்கல் லாரி அதைக் கடக்கும்போது இரண்டு முறை மெதுவாக ஹார்ன் அடித்தது. டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

பூமிகா பின்சீட்டுக்கு முகத்தைத் திருப்பினாள். அவள் இந்த இடத்துக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்காதீங்க. நீங்க பாத்த வீடியோல இடிச்சவங்க கொஞ்ச பேருதான். சோதனைக்கு விட்டதுல ஆயிரக்கணக்குல ஆளுங்க ஒரே ரோட்ல ஒண்ணா ஓட்டறாங்க. அதுல முக்காவாசிப் பேரு அந்தச் சுவர்கிட்ட வந்தா இதே மாதிரி ஹார்ன் அடிச்சிட்டுதான் போறாங்க. நாங்க சொல்லிக் குடுக்கல. அவங்களா ஆரம்பிச்சாங்க. அண்ணன் அண்ணன்னுதான் பேசிக்கிறாங்க. நீங்க சரின்னு சொன்னா, மத்த இடத்துல எல்லாம் எடுத்துட்டு, ஒரே ஒரு போஸ்டரை மட்டும் வெச்சிடலாம். ஒரு மரியாதைக்கு. வேணாம்னா இன்னைக்கே எடுத்துடறோம். நாளைக்குக் காலையில புதுசு போகுது, அதுக்குள்ள சொன்னா போதும்."

"ஹார்ன் அடிக்கிறாங்களா?"

"ஆமாக்கா."

பிரேமா பையின் காதைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள்.

முரளி செத்த கதையில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு போனான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கேட் திறக்கவில்லை. வண்டிகள் வரிசையில் நின்றன. கேபினுக்குள் அனல். தன் வண்டிக்குப் பின்னால், சுவர் நிழலில் பாயை விரித்துப் படுத்துவிட்டான். பின்னால் நின்ற ட்ரெய்லர் இடம் மாறுவதற்காகத் திரும்பி ரிவர்ஸில் வந்து அவன்மேல் ஏறியது. அதில் கிளீனர் இல்லை. இறங்கிப் பார்த்து வா வா என்று தட்டிச் சொல்ல ஆளில்லை. அந்த டிரைவர் ஹார்னும் அடிக்கவில்லை. அடித்தேன் என்று ஸ்டேஷனில் சொன்னான். அங்கே நின்ற யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு ஹார்ன். முரளிக்குத் தூக்கம் மெல்லிசு. பால்காரன் சைக்கிள் மணிக்கு எழுந்து உட்காருகிறவன்.

*

கவரைப்பேட்டை கடந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பியதும் காற்றில் இரும்பு வாடை வந்தது. சுவர் தொடங்கியது. அருண் இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை. காரை ஓரமாக நிறுத்தினான்.

பிரேமா தகடோடு இறங்கினாள். நடந்தாள். நின்றாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை, அதற்கு அடுத்த தூண்வரை, புதுச் சுண்ணாம்பு. நடுவில் நீல எழுத்தில் 'முன்பதிவு' என்று எழுதி ஒரு போன் நம்பர். எவனோ விளம்பரம் எழுதச் சுவரைப் பிடித்து வைத்திருக்கிறான். அடியில் வழிந்த சுண்ணாம்பு புல்லின்மேல் காய்ந்து கிடந்தது.

"இதே எடம்தானா?" என்றாள்.

"இதே எடம்தான் அண்ணி. நான்தான ஒட்டினேன். அந்த கரெண்டு கம்பத்துக்கு நேரா."

அவள் தகட்டை வைத்துச் சுரண்டினாள். சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. அடியில் காகிதம் வந்தது. துணியை நனைத்துத் தேய்த்து, மறுபடி சுரண்டினாள். ஒரு சின்னப் பெண்ணின் முகம் வந்தது. தலை நிறைய பூ. பக்கத்தில் 'நீராட்டு விழா' என்று பாதி எழுத்து. அதற்குக் கீழே இன்னும் எத்தனை காகிதமோ. முரளி எங்கோ உள்ளே இருக்கலாம். மழையில் கரைந்து போயிருக்கலாம். மாடு தின்றிருக்கலாம்.

பிரேமா கையை நிறுத்தினாள். கிழிக்க வந்தவளுக்குக் கிழிக்க எதுவும் வைக்காமல் ஊர் வேலையை முடித்துவிட்டிருந்தது. அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவள் முயலவில்லை.

"வெள்ளச் சுவர் நல்லதுதான்," என்று பூமிகா மெல்லச் சொன்னாள். "எங்க வெட்டினாலும் ஒட்டும்."

அருண் கேமராவின் முக்காலியை நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கினான்.

கொஞ்ச தூரத்தில் வரிசையாக லாரிகள் நின்றன. கடைசி லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தன. பிரேமா அதைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்துபோய், இரும்புத் தகட்டால் லாரியின் பின்கதவில் ஓங்கித் தட்டினாள்.

"ஏய். எழுந்திரு."

கால்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. தூக்கக் கலக்கத்தோடு ஒருவன் தலையை வெளியே விட்டான். முரளி வயதுதான் இருக்கும்.

"இன்னாமா? யாரு நீ?"

"உள்ள போய் படு."

"உள்ள அனலா கீதுமா. நீ படுத்துப் பாரு, தெரியும்."

"பரவால்ல. வேர்த்தா சாவ மாட்ட. எழுந்திரு."

"நீ இன்னா ஆர்டிஓவா? பொண்டாட்டிகூட என்னிய இப்பிடி எழுப்ப மாட்டா."

"அவ இங்க இல்ல. இருந்தா எழுப்புவா."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு முனகியபடி கேபினில் ஏறினான். கதவு சாத்துகிற வரைக்கும் பிரேமா அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்து பூமிகாவிடம் சொன்னாள்: "எடுத்துடுமா. ஒண்ணுகூட வேணாம்."

"சரிக்கா. யோசிச்சிட்டு ராத்திரிக்குள்ள..."

"யோசிச்சிட்டேன். இப்ப ஆயிரம் பேரு ஹார்ன் அடிக்கிறாங்கன்ற. அன்னிக்கு ஒருத்தனும் அடிக்கல. அடிக்க வேண்டிய அன்னிக்கு அடிக்காம, காயிதத்துக்கு அடிச்சு இன்னா ஆவப் போவுது? இடிச்சு சிரிக்கிறவன் வேற. ஒரு தடவ செத்தது போதாதா அவருக்கு?"

பூமிகா தலையாட்டினாள். ஆனாலும் வேலையிலேயே இருக்கிற புத்தி. மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "எங்களுக்கும் ஒரு தலைவலி தீரும்க்கா. அந்தச் சுவர்கிட்ட ஒரு ஆளு இருக்கான். யாருன்னு தெரியல, நம்பர் மட்டும்தான் வரும். பகல் முழுக்க வந்து வண்டியை அங்க குறுக்கால நிறுத்திடறான். ஓட்டறதே இல்ல. மத்தவங்க கிட்டப் போக முடியல. போனா விடாம ஹார்ன் அடிக்கிறான். ஏகப்பட்ட புகார். நாளைக்கு அவனையும் சேத்து வெளிய தள்ளிடுவோம்."

"எவனோ வேல வெட்டி இல்லாதவன்," என்றாள் பிரேமா.

*

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பூமிகா இறங்கி மின்சார ரயிலைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது, "சாயங்காலம் ஒருவாட்டி போன் பண்றேன்க்கா. நீங்க அப்பவும் எடுத்துடுன்னு சொன்னா எடுத்துடறேன்," என்றாள். பிரேமாவுக்கு அவள்மேல் கோபம் போய்விட்டிருந்தது. கோபம் போனதும் இன்னும் களைப்பாக இருந்தது.

திரும்பும் வழியில் அருண் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான்.

"இந்த வேலய உட்டுடலாம்னு கீறேன் அண்ணி."

"உட்டுட்டு?"

"தெரில."

"ஒரு வேலய முடிக்காம ஓடற ஆளு ஊட்ல ஒருத்தன் போதும்," என்றாள். முரளி பாதியில் போனதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அருணுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காரில் ஏறினான்.

காக்களூர் தெருவில் கார் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அருண் என்ஜினை அணைத்தான். அப்போது கேட்டது.

பாம். பாம். பாம்.

மெஹர்னிசா தன் வாசலில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப சொல்லு. ஒர்க் ஷாப்பா?"

சத்தம் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. பிரேமா செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

உள்ளறையில் துண்டு கீழே விழுந்து கிடந்தது. மணவாளன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். புரைக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். திரையில் அவர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் சுவர். சுவரில் முரளி.

அருண் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டான். ஸ்டியரிங்கை மாட்டிக் கொடுத்தது அவன். நம்பரைப் போட்டுவிட்டு மறந்துபோனதும் அவன். புகார்களைப் படித்துச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

மணவாளனுக்கு ஆள் வந்தது தெரிந்தது. திரும்பவில்லை.

"செவுத்த மாத்தியாச்சா?"

பிரேமா திரையைப் பார்த்தாள்.

"உன் பொடவ தெரியுது பாரு பிரேமா. ஓரத்துல. பச்சக் கலரு." விரலை நீட்டித் திரையைத் தொட்டுக் காட்டினார். "கிட்ட வந்து பாத்தாதான் தெரியுது."

பிரேமா கிட்டப் போனாள். மாமனாருக்குப் பின்னால் நின்றாள். அவர் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில், ஹார்ன்மேல் இருந்தது.

"இன்னா மாமா பண்ணிக்கினு கீறீங்க?"

அவர் லாரி வேலையைப் பற்றிச் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"கண்ட பசங்க வந்து இடிக்கிறானுங்க. குறுக்கால நின்னா முடியாதுல்ல. நேத்து ஒரு ட்ரெய்லரு. பின்னால பாக்காம ரிவர்ஸ்ல வந்துக்கினே கீறான். அடிச்சேன். வந்தான். உடாம அடிச்சேன்."

"அப்புறம்?"

"நின்னுட்டான்."

அருணின் கையில் போன் அடித்தது. பூமிகா. அவன் எடுக்கவில்லை. அண்ணியிடம் நீட்டினான். பிரேமா வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, வீட்டுக்குப் போய்ட்டீங்களா? எல்லாம் ரெடியா இருக்கு. எடுத்துடவா?"

திரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் தூரத்தில் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டு வெள்ளை ரிவர்ஸ் விளக்குகள் எரிந்தன. அவை மெதுவாகப் பெரிதாகத் தொடங்கின. மணவாளனின் கண் அதைப் பார்த்ததோ இல்லையோ தெரியவில்லை. பிரேமா குனிந்து, அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"இரும்மா," என்றாள் போனில். "வண்டி ஒண்ணு பின்னால வருது."